கல்நார், பிரேக் லைனிங், பதிவேடு: மோட்டார்த் தொழிலாளர் நோய் வரலாற்றில் ஆவணத்தின் இடம்

முன்னுரை

தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கூலி, சங்கம், வேலைநிறுத்தம் ஆகியவற்றையே மையமாகக் கொண்டு எழுதி வந்துள்ளனர். வேலை தொழிலாளியின் உடலில் விட்டுச்செல்லும் தடத்தை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு ஆராய்ந்த எழுத்துகள் ஒப்பீட்டளவில் குறைவே. கல்நார்த் தூசியால் வரும் நோய்கள் இவ்வகை ஆய்வுக்கு மிகப் பொருத்தமான களமாகும். தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே இருபது முதல் நாற்பது ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட காலம் கழிந்துவிடுகிறது. அதற்குள் தொழிலாளி ஓய்வுபெற்றிருப்பார். ஆலை கைமாறியிருக்கும் அல்லது மூடப்பட்டிருக்கும். ஆகவே நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவ மருத்துவம் மட்டும் போதாது. எங்கே, எப்போது, எந்தப் பொருளோடு அவர் வேலை செய்தார் என்பதைக் கூறும் ஆவணமும் வேண்டும்.

மோட்டார் வாகனத் தொழிலில் பிரேக் லைனிங், கிளட்ச் தகடு ஆகியவற்றின்வழிக் கல்நாருக்கு ஆட்பட்ட தொழிலாளரின் வரலாற்றை, இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆவணம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதே நோயாளியாக ஏற்கப்பட்டோர் யார், ஏற்கப்படாதோர் யார் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

கல்நார்: சொல்லும் பொருளும்

கல்நார் என்பது தனியொரு கனிமத்தின் பெயரன்று. நார்வடிவில் பிரியும் சிலிகேட் கனிமங்கள் சிலவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயராகும். இவற்றுள் கிரைசோடைல் எனப்படும் வெண்கல்நாரே மோட்டார்த் தொழிலில் பெரிதும் பயன்பட்டது. மேலை மொழிகளில் வழங்கும் 'ஆஸ்பெஸ்டாஸ்' என்னும் சொல்லின் கிரேக்க மூலம் 'அணைக்க இயலாதது' என்று பொருள்படும். அச்சொல் பொருளின் தீத்தொடர்பை முன்னிறுத்துகிறது. தமிழ்ச்சொல்லோ அதன் கட்டமைப்பைச் சுட்டுகிறது: கல்லாக இருந்தும் நாராகப் பிரிவது. சித்த மருத்துவ மரபிலும் கல்நார் உபரசங்களுள் ஒன்றாக இப்பெயராலேயே அறியப்பட்டுள்ளது.

இவ்விரு பெயர்களும் இப்பொருளின் வரலாற்றில் உள்ள இரு பக்கங்களோடு ஒத்துப்போவது கருதத்தக்கது. தீயைத் தாங்கும் பண்புக்காகவே தொழிலதிபர்கள் இதனை விரும்பினர். தொழிலாளிக்குக் கேடு விளைத்ததோ இதன் நார்த்தன்மையாகும். கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணிதாகப் பிளவுபடும் இந்நார்கள் மூச்சின்வழி நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. அங்கே அவை எளிதில் கரைவதில்லை. நுரையீரல் தசை இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்று ஆகியவை இவற்றால் விளையும் முதன்மையான நோய்கள்.

பிரேக்கில் கல்நார் புகுந்த வரலாறு

ஓடும் வண்டியை நிறுத்துவது என்பது அதன் இயக்க ஆற்றலை உராய்வின்வழி வெப்பமாக மாற்றுவதாகும். குதிரை வண்டிக் காலத்தில் மரக்கட்டை, தோல், பருத்தி ஆகியவை இதற்குப் போதுமானவையாக இருந்தன. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897இல் பிரேக் கட்டைகளைச் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். டார்பிஷயரில் சாப்பல்-என்-லெ-ஃபிரித் என்னும் ஊரில் வளர்ந்த அவரது நிறுவனமே பின்னர் ஃபெரோடோ எனப் பெயர்பெற்றது. மோட்டார் வாகனங்களின் வேகமும் எடையும் மிகுந்தபோது பருத்தியும் தோலும் கருகின. வெப்பத்தைத் தாங்குவதும், பிசினோடு இணங்குவதும், விலை குறைந்ததுமான கல்நார் அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1920இல் உருவான டர்னர் அண்டு நியூவால் என்னும் பெருநிறுவனம் அப்பத்தாண்டிலேயே ஃபெரோடோவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் 1919 முதல் இயங்கிய ஆலையில் ரேபெஸ்டாஸ் நிறுவனம் இதே பொருள்களை உற்பத்தி செய்தது.

இவ்வாறு உருவான லைனிங்கில் எடைக்கணக்கில் ஏறக்குறையப் பாதியளவு கல்நார் இருப்பது வழக்கமாயிற்று. இதனால் இருவகைத் தொழிலாளர் கல்நார்த் தூசிக்கு ஆட்பட்டனர். முதல்வகையினர் ஆலைத் தொழிலாளர். நாரைக் கொட்டிக் கலத்தல், அச்சிலிட்டு அழுத்துதல், தேய்த்தல், துளையிடுதல் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் தூசி எழுந்தது. இரண்டாம் வகையினர் பழுதுபார்க்கும் பட்டறைத் தொழிலாளர். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே தேய்மானத் தூசி படிந்திருக்கும். அதனை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவதே எங்கும் வழக்கமாக இருந்தது. புதிய லைனிங்கை ஷூவில் தறைந்தபின், டிரம்மோடு பொருந்துவதற்காக அதன் விளிம்பையும் முகத்தையும் தேய்ப்பர். பழைய தூசி, புதிய தூசி இரண்டும் ஒரே அறையில் கலந்தன.

அறியப்பட்டவையும் அறிவின் எல்லையும்

கல்நாரின் தீங்கு பிற்காலத்தில்தான் தெரியவந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. சான்றுகள் இதனை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் பெண் தொழிற்சாலை ஆய்வாளரான லூசி டீன் 1898ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கல்நார்த் தூசியின் கேட்டைச் சுட்டிக்காட்டினார். இலண்டன் மருத்துவர் மாண்டேக் மர்ரி, கல்நார் ஆலையொன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலைசெய்த ஒருவரைப் பற்றி 1906இல் அரசுக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். தம்மோடு அதே அறையில் வேலைசெய்த பதின்மரில் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அந்நோயாளி கூறியிருந்தார். ராக்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் வேலைசெய்த நெல்லி கெர்ஷா 1924இல் தமது 33ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த டபிள்யூ. ஈ. குக் அவ்வாண்டே தம் முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டார்; 1927இல் அந்நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

1930இல் மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் அளித்த அரசு அறிக்கை இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அவர்கள் ஆராய்ந்த 363 தொழிலாளருள் 95 பேருக்கு நுரையீரல் இறுக்கம் இருந்தது. வேலைக்காலம் மிகுதோறும் நோயுற்றோர் விகிதமும் மிகுந்தது. இதன் விளைவாக 1931இல் இங்கிலாந்தில் விதிகள் இயற்றப்பட்டன. ஆயினும் அவ்விதிகள் கல்நார் ஆலைக்குள் நடைபெறும் குறிப்பிட்ட சில செயல்முறைகளுக்கே பொருந்தின. ஆலையைவிட்டு வெளியேறிய பொருளைக் கையாளும் பட்டறைத் தொழிலாளி அவற்றின் பார்வைக்குள் வரவில்லை. ஆலைத் தொழிலாளியை ஆய்வாளர் கண்டார், எண்ணினார், அறிக்கையில் இடம்பெறச் செய்தார். மெக்கானிக்கை எவரும் எண்ணவில்லை.

புற்றுநோய்த் தொடர்பு அடுத்துவந்த பத்தாண்டுகளில் உறுதிப்பட்டது. ராக்டேல் ஆலைத் தொழிலாளரிடையே நுரையீரல் புற்று மிகுந்திருப்பதை ரிச்சர்டு டால் 1955இல் நிறுவினார். தென்னாப்பிரிக்காவின் நீலக்கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மீசோதீலியோமா பரவியிருப்பதை வாக்னரும் அவருடன் ஆய்ந்தோரும் 1960இல் எடுத்துரைத்தனர். தொழிலாளியின் உடையில் ஒட்டிவந்த தூசியால் வீட்டாரும் இந்நோய்க்கு ஆளாவதை இலண்டனில் நியூஹவுஸ், தாம்சன் ஆகியோரின் 1965ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. கணவரின் வேலை உடையைத் துவைத்த பெண், எந்த வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமலேயே, நோயால் அவ்வேலையோடு பிணைக்கப்பட்டார்.

பூட்டப்பட்ட ஆவணங்கள்

மருத்துவ இதழ்கள் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தபோது நிறுவனங்களின் கடிதங்கள் வேறொரு வரலாற்றைப் பதிவுசெய்தன. கல்நார்த் தொழிலுக்கென அமெரிக்காவில் நடத்தப்பட்ட வணிக இதழொன்று, ஆஸ்பெஸ்டோசிஸ் பற்றி எழுத இசைவு கேட்டு 1935இல் ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் நிறுவனத் தலைவர் சம்னர் சிம்ப்சனை அணுகியது. சிம்ப்சன் இதுபற்றி ஜான்ஸ்-மேன்வில் நிறுவனத்தின் வழக்கறிஞர் வாண்டிவர் பிரவுனுக்கு எழுதினார். கல்நார் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவுக்குத் தங்களுக்கு நன்மை என்பது அக்கடிதத்தின் சாரம். பிரவுனும் அதற்கு உடன்பட்டார். அடுத்த ஆண்டு சாரனாக் ஆய்வகத்தில் விலங்குகளைக் கொண்டு நடத்தப்படும் ஆய்வுக்குத் தொழில் நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. முடிவுகள் பொருள் கொடுத்தோரின் உடைமை, அவற்றை வெளியிடுவதா என்பதை அவர்களே முடிவுசெய்வர் என்பது அவ்வுதவிக்கான நிபந்தனை. 1951இல் அவ்வாய்வு அச்சேறியபோது புற்றுநோய் பற்றிய செய்திகள் அதில் இடம்பெறவில்லை.

சிம்ப்சனின் கடிதங்கள் 1977இல் நோயுற்றோர் தொடுத்த வழக்கின்வழியே வெளிவந்தன. ஃபெரோடோவின் தாய்நிறுவனமான டர்னர் அண்டு நியூவாலின் ஆவணங்களும் இவ்வாறே திறக்கப்பட்டன. தன் நியூயார்க் கட்டடத்தில் பூசப்பட்ட கல்நாருக்காக சேஸ் மன்ஹாட்டன் வங்கி அந்நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், நிறுவனம் தன் ஆவணங்களை வழங்க நேர்ந்தது. 1995இல் வங்கி வழக்கில் தோற்றது. எனினும் திறந்த ஆவணங்கள் மூடப்படவில்லை. அவற்றைக் கொண்டே ஜெஃப்ரி ட்வீடேல் அந்நிறுவனத்தின் கல்நார் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2000இல் நூலாக்கினார்.

இவ்விரு நிகழ்வுகளும் வரலாற்று ஆய்வு முறைக்கு ஒரு செய்தியைத் தருகின்றன. பொதுவாக ஆவணக் காப்பகமே வரலாற்றாசிரியரின் ஆய்வுக்களமாகும். கல்நாரின் வரலாற்றிலோ நீதிமன்றமே காப்பகத்தைத் திறந்துவைத்தது. வழக்குத் தொடுக்க ஆற்றல் உள்ளோர் இருந்த நாடுகளில் ஆவணம் வெளிவந்தது. அவ்வாற்றல் இல்லாத இடங்களில் அது வெளிவரவில்லை.

பட்டறைத் தொழிலாளரைப் பற்றிய விவாதம்

பிரேக் தூசியைப் பற்றிய அறிவியல் ஆய்வு காலந்தாழ்ந்தே தொடங்கியது. 1968இல் வெளியான ஓர் ஆய்வு, பிரேக் பிடிக்கும்போது எழும் வெப்பத்தால் கிரைசோடைலின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுவதாகவும், தேய்மானத் தூசியில் மிகச் சிறு பங்கே கல்நாராக எஞ்சுவதாகவும் கூறியது. 1976இல் ரோல், லாங்கர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, பட்டறைத் தூசியில் கல்நார் இருப்பதைக் காட்டியதோடு, காற்றால் ஊதுதலும் புதிய லைனிங்கைத் தேய்த்தலும் நார்களைப் பெருமளவு பரப்புவதையும் அளந்து காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பிரேக், கிளட்ச் வேலை பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. 1986இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மெக்கானிக்குகளுக்கென ஒரு வழிகாட்டியை அச்சிட்டது. அட்டையின் நிறத்தால் அது 'பொன்னூல்' என்றே அறியப்பட்டது. 1994இல் வந்த விதிகள் அழுத்தக் காற்றால் ஊதும் வழக்கத்துக்கு மாற்றாக ஈரமுறையையும் நுண்வடிகட்டி கொண்ட உறிஞ்சியையும் முன்வைத்தன.

இவ்விவாதத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தையும் கருதுதல் வேண்டும். 2001 முதல் வெளிவந்த சில தொகுப்பாய்வுகள் மெக்கானிக்குகளிடையே மீசோதீலியோமா மிகுந்திருப்பதற்குப் புள்ளிவிவரச் சான்று இல்லை என முடிவுரைத்தன. இறப்புச் சான்றிதழில் 'மெக்கானிக்' எனக் குறிக்கப்பட்டோர் அனைவரும் பிரேக் வேலை செய்தவரல்லர் என்றும், ஆட்பட்டவரையும் ஆட்படாதவரையும் ஒருங்கே எண்ணினால் நோயின் அளவு குறைவாகத் தோன்றுவது இயல்பே என்றும் மறுதரப்பினர் கூறினர். இத்தகைய ஆய்வுகள் சிலவற்றுக்கு, வழக்குகளை எதிர்கொண்டிருந்த வாகன உற்பத்தி நிறுவனங்களே பொருளுதவி செய்தன என்பதும் வெளிப்பட்டது. பொருளுதவியால் மட்டுமே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் 1936இல் சாரனாக்கில் எழுந்த கேள்வி தீராமல் தொடர்ந்தது என்பதை இது உணர்த்துகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கிரைசோடைல் உட்பட எல்லாவகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று விளைப்பன என்னும் தன் முடிவை 2012இல் மீண்டும் உறுதிப்படுத்தியது.

சட்டத்தின் போக்கும் நேர்க்கோட்டில் அமையவில்லை. 1989இல் அமெரிக்கா கொண்டுவந்த பரந்த தடையின் பெரும்பகுதியை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. மாற்று பிரேக் உறுப்புகளையும் உள்ளடக்கிய கிரைசோடைல் தடைவிதி 2024 மார்ச்சில்தான் வெளியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005 தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இந்தியச் சூழல்: 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இந்தியாவில் மோட்டார் உராய்வுப்பொருள் உற்பத்தி, விடுதலைக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சியின் ஒரு கூறாக எழுந்தது. டர்னர் அண்டு நியூவாலின் துணைநிறுவனமான இந்துஸ்தான் ஃபெரோடோ மும்பையின் காட்கோபரில் ஆலை நடத்தியது. சென்னையும் இத்துறையின் முதன்மையான மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை இங்கே தோன்றியவை. கல்நாரற்ற உராய்வுப்பொருள்களும் பிற்காலத்தில் இந்நகர ஆலைகளில் உருவாயின.

அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் 1986இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கே இந்தியக் கல்நார்த் தொழிலாளர் வரலாற்றின் மையநிகழ்வு எனலாம். 1995 சனவரி 27 அன்று நீதியரசர் கே. இராமசாமி எழுதிய தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவப் பாதுகாப்பும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என அறிவித்தது. நோயுற்றவராகக் கண்டறியப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய ஆலை ஓரிலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்றது.

இக்கட்டுரையின் நோக்கில் அத்தீர்ப்பின் மிகக் கருதத்தக்க ஆணை வேறொன்றாகும். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் வரை, அல்லது ஓய்வுபெற்ற பின்னோ வேலை நீங்கிய பின்னோ 15 ஆண்டுகள் வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேணவேண்டும் என நீதிமன்றம் பணித்தது. நோயின் மெதுவான கால அளவையே நீதிமன்றம் ஆவணத்தின் கால அளவாக ஏற்றுக்கொண்டது. உடல் மறக்காததை ஆலையும் மறக்கலாகாது என்பது இவ்வாணையின் உட்கருத்து.

பதிவேட்டுக்கு வெளியே உள்ளோர்

ஆயினும் பதிவேடு என்பது ஆலையை முன்னிட்டு எழுந்த கருத்தாகும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக, மின்விசை பயன்படும் இடத்தில் 10 பேர், பயன்படாத இடத்தில் 20 பேர் வேலைசெய்தால் அதனைத் தொழிற்சாலை எனக் கொண்டது. ஆஸ்பெஸ்டோசிஸ் அச்சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கவேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தொழிற்சாலைக்கான எண்ணிக்கையை 20, 40 என உயர்த்தியது. முதலாளியும் இரண்டு பையன்களும் மட்டுமே வேலைசெய்யும் சாலையோரப் பட்டறை எந்தக் கணக்கிலும் தொழிற்சாலை ஆகவில்லை. தில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை போன்ற வாகன உதிரிப்பொருள் சந்தைகளையும், நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களையும் சார்ந்து வாழும் மெக்கானிக்குகளுள் பெரும்பாலோர் இத்தகைய சிறு பட்டறைகளிலேயே தொழில் கற்றவர்கள்.

இவர்களுக்கு வேலை நியமன ஆணை இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. மருத்துவச் சோதனை இல்லை. பன்னிரண்டு, பதினான்கு வயதில் டிரம் துடைக்கத் தொடங்கியவர் ஐம்பதாம் வயதில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குச் சென்றால், எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றம் காசநோயாகவோ புகைப்பழக்கத்தின் விளைவாகவோ கொள்ளப்படும் வாய்ப்பே மிகுதி. எந்த நிறுவனத்தின் லைனிங்கை எத்தனை ஆண்டுகள் தேய்த்தார் என்பதைக் கூற அவரது நினைவைத் தவிர வேறு சான்று கிடையாது. சட்டத்தின்படி அவர் தொழிலாளி ஆகாததால் அவரது நோயும் தொழில்நோய் ஆவதில்லை.

இந்நிலை பழங்கதையாகிவிடவில்லை. 1986 முதல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகள் இந்தியாவில் வழங்கப்படவில்லை எனினும், கிரைசோடைல் இறக்குமதி நிற்கவில்லை. உலகின் மிகப்பெரிய இறக்குமதி நாடுகளுள் ஒன்றாக இந்தியா நீடிக்கிறது. அவ்விறக்குமதியில் பெரும்பங்கு கூரைத்தகடு செய்யவே செல்கிறது. புதிய வாகனங்கள் கல்நாரற்ற லைனிங்குக்கு மாறினாலும், பழைய வாகனங்களைக் கழற்றும் பட்டறையில் முந்தைய பத்தாண்டுகளின் தூசி எஞ்சியிருக்கும். தூசி முற்றிலும் நீங்கிய பின்னும், ஏற்கெனவே சுவாசித்தோரின் நோய்க்காலம் மேலும் பல பத்தாண்டுகள் தொடரும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகளைப் பெறமுடிகிறது. கல்நாரின் தீங்கு 1930ஆம் ஆண்டளவிலேயே அச்சில் நிறுவப்பட்டிருந்தது. அறியாமையால் தொழிலாளர் மாண்டனர் என்னும் விளக்கம் பொருந்தாது. அறிந்தவர்களின் ஆவணங்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பூட்டப்பட்டிருந்தன. நோயுற்றோரும் பிறரும் தொடுத்த வழக்குகளே அவற்றைத் திறந்தன. 1995ஆம் ஆண்டு இந்தியத் தீர்ப்பு, நோயின் நீண்ட காலத்துக்கு ஈடான ஆவணக் கடமையை விதித்து ஒரு முன்மாதிரியை வழங்கியது. அக்கடமை ஆலையோடு நின்றுவிட்டதால் சிறு பட்டறைத் தொழிலாளர் நோயாளியாக எண்ணப்படும் வாய்ப்பையே இழந்தனர்.

இவ்விடைவெளியை நிரப்புவதில் மருத்துவத்துறைக்கும் சட்டத்துறைக்கும் உள்ள பொறுப்பு வெளிப்படை. மொழி, வரலாற்றுத் துறைகளுக்கும் ஒரு பணி உண்டு. நாட்டார் வழக்காற்றியல் கள ஆய்வின்வழி வாய்மொழித் தரவுகளைத் திரட்டும் முறையைத் தமிழ்த்துறைகள் பல பத்தாண்டுகளாகப் பயின்றுள்ளன. அம்முறையைக் கொண்டு வயது முதிர்ந்த மெக்கானிக்குகளின் வேலை வரலாற்றை, அவர்கள் தொழில் கற்ற பட்டறை, கையாண்ட பொருள், செய்த ஆண்டுகள், உடன் வேலைசெய்து இறந்தோர் என்னும் விவரங்களோடு பதிவுசெய்ய இயலும். 1906இல் மர்ரியின் நோயாளி கூறிய ஒற்றை வாய்மொழிச் செய்தியே இந்நோயின் வரலாற்றில் முதற்சான்றுகளுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது. பதிவேடு இல்லாத தொழிலாளிக்கு அத்தகைய வாய்மொழியே எஞ்சும் ஆவணம். அதனை உரிய காலத்தில் எழுத்தாக்குவது வரலாற்று ஆய்வுக்கும் நோயுற்றோரின் உரிமைக்கும் ஒருங்கே பயன்தரும்.